கீழெழுத்து இல்லாத இடம்

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஐந்துக்குள்
அறுநூறு சொல் வேணும் என்கிறார் பவளேந்திரன்.
படம் ஒன்று, புத்தகம் ஒன்று,
கொஞ்சம் நாட்டு நடப்பு,
"ஆனா சண்டை வராத மாதிரி."
ஞாயிற்றுப் பதிப்பில் என் பத்திக்குப் பக்கத்தில்
சீமெந்து விளம்பரம். அது உறுதியானது.

பொரளையில் படம் பார்த்தேன்.
இரண்டரை மணிக் காட்சி, பதினேழு பேர்.
மின்விசிறி ஓடவில்லை,
ஆட்களை எண்ண நேரம் இருந்தது.
சிங்களப் படம். நல்ல படம்தான்,
மழையை அவசரப்படாமல் பார்த்த கமரா.
முக்கால் மணி கழித்து ஒரு தமிழன் வருகிறான்,
பேக்கரியில் வேலை,
முழங்கை வரை மா,
அதற்கு மேலே மறக்காமல் திருநீறு.
கதவடியில் நின்று திரும்பி
"நான் போகிறேன்" என்கிறான்.

போகிறேன்.
பாடப்புத்தகத்தில் இருந்து நேரே இறங்கி வந்த சொல்.
எங்கட வீடுகளில்
சந்திக்கடைக்குப் போகிறவனும் வாறன் என்பான்
கனடாவுக்குப் போகிறவனும் வாறன் என்பான்.
செத்தவீட்டில் மட்டும்
சொல்லாமல் எழும்பி வருவோம்.

அந்த ஒரு வசனத்துக்குக் கீழெழுத்துப் போடவில்லை.
பக்கத்து இருக்கைக்காரர்
(குடையை முழங்கால்களுக்கு நடுவே பிடித்திருந்தவர்,
முப்பது வருடம் தபால்காரராக இருந்தாராம்)
சாய்ந்து சிங்களத்தில் கேட்டார்
என்ன சொன்னான் என்று.
நான் படத்தைத் திருத்தினேன்.
"வருகிறேன் என்கிறான்."
அவர் தலையசைத்துவிட்டு நிமிர்ந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் என் பிழை.
அவன் வரவே இல்லை.
ஒருமுறை கதவு தட்டும் சத்தம் கேட்க
தபால்காரர் இருக்கையின் நுனிக்கு வந்தார்.
பால்காரன்.
பெயர்கள் ஓடி முடிந்து
துடைப்பத்தோடு பையன் உள்ளே வரும் வரை
குடையை அசைக்காமல் இருந்தார்.
பிறகு என்னிடம்,
குறையாக இல்லை, ஒரு தகவலாக:
"அவன் வரவில்லையே."
நான் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டினேன்.
அது கட்டித்தான் இருந்தது.

நூற்றைம்பத்து நாலில் யன்னலோரம் கிடைத்தது.
மடியில் மருதானையில் வாங்கிய நாவல்,
அட்டை கிழிந்து போனதால்
தலைப்பும் இல்லை, எழுதியவரும் இல்லை.
முன்பு வைத்திருந்த யாரோ
பென்சிலோடு வாசித்திருக்கிறார்.
காதல் கடிதத்துக்குப் பக்கத்தில்: பொய்.
கதாநாயகன் எல்லாரையும் மன்னிக்கும் இடத்தில்: பெரிய பொய்.
அறுபத்தெட்டாம் பக்கத்தில் ஒரு பெண்
சுளகில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்குகிறாள்,
வேறொன்றும் நடக்கவில்லை,
அங்கே மெல்லிய கோடிட்டு: இது சரி.
பதினொரு வருடமாக
நான் எழுதியதை விமர்சனம் என்று சொல்லி வந்தேன்.

முன் இருக்கையில் விரித்த பேப்பர்.
முட்டை விலை, மின்வெட்டு நேரங்கள்,
மறுபடி ஒரு ஆணைக்குழு,
பழைய ஆணைக்குழுவின் அறிக்கை எங்கே என்று தேட.
ஆறாம் பக்க மூலையில் இரண்டு அங்குலம்:
கோட்டை ஸ்டேசனுக்கு முன்னால்
பிள்ளைகளின் படங்களோடு தாய்மார்.
எத்தனை பேர் என்று இருந்தது,
போக்குவரத்து எவ்வளவு நேரம் தடைப்பட்டது என்றும்.
வெளிக்கிடும்போது அந்தப் பிள்ளைகள்
என்ன சொல்லிவிட்டு வெளிக்கிட்டார்கள்
என்று இல்லை.
பம்பலப்பிட்டி தாண்டும் வரை
அதே இரண்டு அங்குலத்தில் இருந்தேன்.
அவர் பக்கத்தைப் புரட்டினார். கிரிக்கெட்.

வெள்ளவத்தையில் இறங்கும்போது கரண்ட் இல்லை.
கடலோரம் ஒரு ரயில் மட்டும் வெளிச்சமாகப் போனது.
டோர்ச்சைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்து
எழுத உட்கார்ந்தேன்.
அந்த மனிசன் முப்பது வருடத்தில்
வருகிறேன் என்று எழுதிய எத்தனை கடிதங்களை
எத்தனை வாசல்களில் கொடுத்திருப்பார்,
இது வராத ஆளின் கடிதம் என்று தெரியாமல்.
இதை எழுதி, வெட்டினேன்.
"தமிழ் வசனங்களில் இன்னும் சற்றுக்
கவனம் செலுத்தியிருக்கலாம்" என்று எழுதினேன்.
வாசித்துப் பார்த்தேன்.
பென்சில் தேடி ஓரத்தில் ஒரு சொல் எழுதினேன்,
பெரிய என்பதைச் சேர்க்க இடம் போதவில்லை.

பத்தரைக்குக் கரண்ட் வந்தது.
ஓரத்தில் இருந்ததை விட்டுவிட்டு
மிச்சத்தைத் தட்டச்சுச் செய்து அனுப்பினேன்.
பவளேந்திரன் உடனே பதில் போட்டார்:
"நல்லாருக்கு. சண்டை வராது."